கொண்டைக்கடலைக் குண்டும் மெத்தைத் துணியும்

ஒவ்வொரு சூட்டுக்கும் வெடிமருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே போட்டுக் கோலால் இறக்கவேண்டிய முன்வாய்த் துப்பாக்கி என்னுடையது. முதல் குண்டு தானாக இறங்கியது. இரண்டாவது முனகிக்கொண்டே இறங்கியது. மூன்றாவது குழலின் பாதியில் நின்றுவிட்டது. கோலின் மேல்முனையைப் பிடித்து உடம்புப் பாரத்தை எல்லாம் போட்டு அழுத்தினேன். படக்கென்று ஒரு சத்தம். ஹிக்கரி மரக்கோல் சாய்வாகப் பிளந்து, அதன் கூர்முனை உள்ளங்கையில் ஏறியது. நான்கு தையல்.

கையைவிடப் பெரிய தலைவலி துப்பாக்கிக்குள் இருந்தது. அடியில் மருந்து, நடுவழியில் குண்டு, இரண்டுக்கும் இடையில் வெற்றிடம். அந்த நிலையில் மட்டும் சுடவே கூடாது. அழுத்தம் குண்டின் பின்னால் ஒரே இடத்தில் குவிந்து குழல் வளையம் போல வீங்கும், சில சமயம் வெடித்தே போகும். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் தன் எஃகுக் கோலை எடுத்து வந்து, வாய்க்கு நேரே முகத்தை நீட்டாமல் பக்கவாட்டில் நின்று, குண்டை மருந்தின்மேல் உட்காரும்வரை தள்ளினார். அதன்பிறகு மண்மேட்டைப் பார்த்துச் சுட்டுக் காலி செய்தோம். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நான் கிளம்பும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: "அடுத்த முறை வரும்போது குண்டுக்கு என்ன துணி போடுகிறாய் என்று காட்டு."

துப்பாக்கியைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்திருந்தேன். துணியைப் பற்றிக் கேட்கிறாரே என்று இருந்தது.

நான் இருப்பது சின்சினாட்டி பக்கம். இங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம் காரில் போனால் இந்தியானாவில் ஃப்ரெண்ட்ஷிப் என்று ஒரு சிற்றூர். 1933-இல் தொடங்கிய தேசிய முன்வாய்த் துப்பாக்கிச் சங்கம் அங்கேதான் தன் போட்டிகளை நடத்துகிறது. ஒருமுறை வேடிக்கை பார்க்கப் போனவன் இந்தப் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வாங்கியது 32 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் 0.32 அங்குலம். அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் 'கேப்' என்ற சின்ன உலோகத் தொப்பியை வைத்துச் சுடும் வகை, பழைய மாதிரியில் புதிதாகச் செய்த பிரதி. 'ஸ்க்விரல் ரைஃபிள்' என்பார்கள். அணில் துப்பாக்கி. 1862 செப்டம்பரில் உள்நாட்டுப் போரின்போது தெற்குப் படை சின்சினாட்டியை நெருங்கியபோது, ஒஹாயோ ஆளுநர் டேவிட் டாட் அழைப்பு விடுக்க, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளும் காட்டுவாசிகளும் வீட்டில் இருந்த துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு ஊரைக் காக்க வந்தார்கள். அவர்களுக்கு 'அணில் வேட்டைக்காரர்கள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நான் அணிலைச் சுடுவதில்லை. இந்த ஊர் அணிலுக்கு முதுகில் ராமர் கோடு கிடையாது என்றாலும் மனசு வரவில்லை. காகித இலக்கு போதும்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இது இங்குள்ள சட்டப்படி, சுடும் மைதானத்தில் செய்கிற பொழுதுபோக்கு. இந்தியாவில் முன்வாய்த் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும்.

சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பக்கம் நரிக்குறவர் தோளில் நீண்ட நாட்டுத் துப்பாக்கி தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். மருந்தைக் கொட்டி, ரவையைப் போட்டு, மேலே அடைப்பை வைத்துக் கெட்டிப்பார்கள். அந்தக் குழலின் உட்புறம் வழவழவென்று இருக்கும். என்னுடையதில் உள்ளே சுருள் பள்ளங்கள் வெட்டியிருக்கிறார்கள், 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு அந்தச் சுருளில் சுழன்றுகொண்டு போனால்தான் நேராகப் போகும். ஆனால் ஈயக்குண்டு குழலைவிடச் சிறியது. தானாகப் பள்ளத்தைப் பற்றாது. பற்ற வைப்பது அதைச் சுற்றியிருக்கும் எண்ணெய்த் துணி. பள்ளத்தில் அந்தத் துணி அழுந்திப் பிடித்து, குண்டையும் சேர்த்துச் சுழற்றி வெளியே கொண்டுபோகிறது. வாயைத் தாண்டியதும் காற்று அதைப் பிரித்துக் கீழே போட்டுவிடும். பெரியவர் ஏன் துணியைக் கேட்டார் என்பது இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் உறைத்தது.

50 காலிபர்க்காரர்கள் இதற்கெல்லாம் இவ்வளவு அலட்டிக்கொள்வதில்லை. அவர்கள் குண்டு 177 கிரெயின், பதினொன்றரை கிராம். என்னுடைய 0.310 அங்குலக் குண்டு 45 கிரெயின்கூட இல்லை, மூன்று கிராமுக்கும் குறைவு, கொண்டைக்கடலை அளவு. குழல் சின்னதாக ஆக, அதன் கொள்ளளவோடு ஒப்பிட்டால் சுவர்ப் பரப்பு கூடிக்கொண்டே போகும். 50-ஐவிட 32-இல் அது ஒன்றரை மடங்கு. சுவரில் அதே கனத்துக்குக் கரி படிந்தாலும், பெரிய குழலுக்கு அது தூசி, சின்னதற்கு அடைப்பு. துணியின் கனத்தில் ஒரு மயிரிழை கூடினாலும் அதே கதை. பெரிய துப்பாக்கி மன்னித்துவிடுகிற தப்பைச் சின்னது மன்னிப்பதில்லை.

கை ஆறுவதற்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அளப்பதிலேயே போயிற்று.

டிஜிட்டல் காலிப்பரைக் குழல்வாயில் நுழைத்துப் பார்த்தேன். பள்ளங்களுக்கு நடுவே மேடாக நிற்கும் பகுதியில், மேட்டுக்கு மேடு 0.320 அங்குலம். பள்ளத்தின் ஆழம் கிட்டத்தட்ட 0.010. நான் வாங்கி வைத்திருந்த குண்டு 0.315. இறுக்கமாக இருந்தால் குறி நன்றாக விழும் என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கியது. துணி, மெத்தை உறைக்குப் போடும் நீலக்கோட்டுப் பருத்தி, 0.018. கணக்குப் போட்டால் சிரிப்பு வந்தது. மேட்டின்மேல் துணிக்கு நான் விட்டிருந்த இடம் ஒரு பக்கத்துக்கு 0.0025 அங்குலம். பள்ளத்துக்குள்ளேயே 0.0125 தான். 0.018 கனமுள்ள துணி எங்கே போகும்? ஈயம் நசுங்கினால்தான் இறங்கும். முதல் குண்டு இறங்கியதே பெரிது.

குண்டை 0.310-க்கு மாற்றினால் மேட்டின்மேல் 0.005, பள்ளத்தில் 0.015. துணியும் அந்த 0.015-க்குப் பக்கத்தில் இருந்தால் பள்ளம் நிரம்பும், மேட்டில் மட்டும் நன்றாக நசுங்கும். காகிதத்தில் சரியாக வந்தது.

துணி தேடும் படலம் தொடங்கியது. முதலில் பிடித்தது வீட்டில் கிழிந்துகிடந்த என் பழைய வேட்டி. மெல்லிய நெசவு, 0.008 வந்தது. ஆசைக்கு ஐந்து குண்டு போட்டுப் பார்த்தேன். வெண்ணெய் போல இறங்கின. சுட்ட பிறகு போய்ப் பொறுக்கினால் நடுவில் கருகிய ஓட்டையோடு கந்தல் கந்தலாகக் கிடந்தது வேட்டி. தீ துணியைத் தாண்டிக் குண்டைத் தொட்டுவிட்டது. இலக்கில் ஐந்து ஓட்டையும் ஐந்து திசையில். பழைய டி-ஷர்ட்டும் தேறவில்லை. பின்னலாடை இழுபடும், கனம் இடத்துக்கு இடம் மாறும். அதில் பாலியெஸ்டர் கலந்திருந்தால் சூட்டில் உருகிக் குழலுக்குள் ஒட்டும். சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருண்டு கெட்டியாகும்.

கடைசியில் துணிக்கடையில் காலிப்பரோடு போய் நின்றேன். கல்லாவில் இருந்த பெண்மணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். மெத்தைத் துணியிலேயே மெல்லிய ரகம் ஒன்று கிடைத்தது. கோடித் துணியாக அளந்தபோது 0.016. வெந்நீரில் இரண்டு தடவை அலசிக் கஞ்சியைப் போக்கிக் காயவைத்ததும் கொஞ்சம் தளர்ந்தது. நெசவு மட்டும் நெருக்கமாகவே இருந்தது. காலிப்பரை ஒரே மாதிரி அழுத்திப் பிடித்து அளந்தால் 0.015. அழுத்தம் மாறினால் எண்ணும் மாறும், அதனால் மற்றவர்கள் சொல்லும் எண்ணை அப்படியே நம்பவேண்டாம். உங்கள் கை, உங்கள் காலிப்பர், ஒரே பிடி. அவ்வளவுதான்.

சரி, பிரச்சினை தீர்ந்தது என்று மைதானத்துக்குப் போனேன். குண்டு இறங்கியது. குறி மட்டும் 25 கஜத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறியது. பெரியவர் என் இலக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் புல்லுக்குப் போய் நான் சுட்ட துணிகளைப் பொறுக்கி வந்து மேசையில் பரப்பினார். ஜாதகம் பார்ப்பது போலத்தான் இருந்தது. நடுவில் கருகியிருந்தால் துணி மெலிது, அல்லது எண்ணெய் போதவில்லை. ஓரம் நார்நாராகப் பிரிந்திருந்தால் மருந்து அதிகமாக இருக்கலாம். என்னுடையதில் இரண்டும் இல்லை. நடுப்பகுதி வெள்ளையாக, அதைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்ன வெட்டுகள், பிளேடால் கீறியது போல. குழல் மேடுகளின் எண்ணிக்கைக்குச் சரியாக அத்தனை வெட்டு. "இது சுடும்போது கிழிந்ததில்லை, உள்ளே போகும்போதே கிழிந்தது" என்றார்.

விரலைக் குழல்வாயின் உள்விளிம்பில் வைத்துப் பார்த்தேன். கத்தி. தொழிற்சாலையில் வெட்டியதோடு விட்டுவிட்டார்கள். குண்டு உள்ளே நுழையும் முதல் கணத்திலேயே மேட்டின் முனைகள் துணியை அறுத்துவிடுகின்றன.

அதற்கு வைத்தியம் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. பின்முனைக்குத் தூள் போகாமல் இருக்க, வாயிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே ஒரு துணிப்பந்தை அடைத்தேன். 400 எண் ஈர உப்புத்தாளைச் சின்ன வட்டமாக வெட்டி, எண்ணெய் தொட்டு, வாயின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இப்படியும் அப்படியும் திருகினேன். ஒவ்வொரு நிமிடமும் குழலைக் கால்சுற்று திருப்பிவைத்தேன், ஒரே பக்கம் தேயக்கூடாது. கட்டைவிரலின் சதை உருண்டை தாளைப் பள்ளத்துக்குள்ளும் மேட்டின் முனையிலும் சமமாக அமுக்கும். கட்டையோ உளியோ இதைச் செய்யாது. கால்மணி நேரம் அப்படி, பிறகு 600 எண் தாளில் பத்து நிமிடம். விளிம்பு கண்ணாடி போல மின்னியது. விரலை வைத்தால் வழுக்கியது. துணிப்பந்தை வாய்வழியே வெளியே இழுத்து, குழலைத் துடைத்து எண்ணெய் பூசினேன். கட்டைவிரல் மூன்று நாள் வலித்தது.

எண்ணெய்க்கு வருவோம். எச்சில் போதும் என்பவர்கள் உண்டு. உடனே சுடுவதாக இருந்தால் உண்மையிலேயே போதும். கரடிக்கொழுப்பு, மாட்டுக்கொழுப்பு, தேன்மெழுகோடு ஆலிவ் எண்ணெய் என்று ஆளுக்கொரு பக்குவம். எல்லோரும் ஒத்துப்போகும் விஷயம், மோட்டார் எண்ணெய், கிரீஸ் போன்ற பெட்ரோலியச் சரக்கு வேண்டாம் என்பதுதான். கருமருந்தின் கரியோடு சேர்ந்தால் தார் போல இறுகும். நான் நம்ம ஊர் ஆள், தேங்காய் எண்ணெயைத்தான் முதலில் எடுத்தேன். ஆகஸ்டில் அற்புதமாக வேலை செய்தது. அக்டோபரில் ஒரு காலை மைதானத்தில் டப்பாவைத் திறந்தால் வெள்ளைக் கட்டி. துணிகள் எல்லாம் அப்பளம் போல விறைத்துக்கொண்டு நின்றன. அம்மா குளிர்காலத்தில் எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைப்பது ஞாபகம் வந்தது. ஒஹாயோவில் அந்த வெயிலுக்கு எங்கே போவது? இப்போது தேன்மெழுகை ஆலிவ் எண்ணெயில் உருக்கித் துணியில் தேய்த்துக்கொள்கிறேன். குளிருக்கு மெழுகைக் குறைத்தால் போதும். எதுவானாலும் துணி பிசுக்கென்று இருக்கவேண்டும், சொட்டக்கூடாது. சொட்டினால் எண்ணெய் மருந்தில் இறங்கி அதை நமுக்க வைத்துவிடும்.

மருந்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையான கருமருந்து, 'மூன்று எஃப்' என்ற நுண்ரகம். 15 கிரெயினில் ஆரம்பித்து 20-இல் நின்றுவிட்டேன். 20 கிரெயின் என்றால் 1.3 கிராம், சுமார் பத்து குன்றிமணி எடை. ஒரு பவுண்டு வாங்கினால் 350 முறை சுடலாம். சின்னத் துப்பாக்கியின் சிக்கனம் இது. தற்காலத்துப் புகையில்லா மருந்தை எந்த அளவிலும் போடக்கூடாது. குழல் வெடித்துவிடும்.

அந்த 1.3 கிராமில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாது. உப்பும் கரியுமாகக் குழலிலும் புகையிலும் தங்கிவிடும். இந்தக் கரி ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. புழுக்கமான நாளில் சேறு போல இளகியிருக்கும், காய்ந்த காற்றில் ஓடு போல இறுகும். அதனால் ஒவ்வொரு சூட்டுக்கும் நடுவே லேசாக ஈரப்படுத்திய துணியால் ஒருமுறை துடைக்கிறேன். இங்கேயும் ஒரு பாடம் கற்றேன். துடைக்கத் தொடங்கிய பிறகு கேப் வெடிக்கும், மருந்து பற்றாது. மூன்றுக்கு ஒன்று இப்படி. ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை இலக்குப் பக்கமே நீட்டிப் பிடித்து ஒரு முழு நிமிடம் காத்திருக்கவேண்டும், தாமதமாகப் பற்றினாலும் பற்றும். காரணம், கோலின் நுனியில் துணியைப் பிடிக்கும் பித்தளை 'ஜாக்' குழலுக்கு மிக இறுக்கமாக இருந்தது. துடைப்பதற்குப் பதிலாக, கரியை எல்லாம் பிஸ்டன் போல அடிவரை தள்ளிக்கொண்டு போய், தீ வரும் சின்னத் துவாரத்தை அடைத்துவிட்டது. ஜாகைத் துளைக்கருவியில் பொருத்திச் சுழலவிட்டு உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்துச் சிறிதாக்கினேன். இப்போது துணி கரியைத் தாண்டி உள்ளே போகிறது. திரும்பி இழுக்கும்போது ஜாகின் வரியில் சுருண்டு தடித்து, கரியை வாரிக்கொண்டு வெளியே வருகிறது. அன்றிலிருந்து ஒரு சூடு தவறவில்லை.

இப்போது கை தானாகச் செய்யும் வரிசை இது. முதலில் கோலை உள்ளே விட்டுக் குழல் காலிதான் என்று பார்ப்பது. கோலில் இரண்டு கோடு கீறி வைத்திருக்கிறேன், காலிக்கு ஒன்று, மருந்தும் குண்டும் உட்கார்ந்திருந்தால் ஒன்று. நாளின் முதல் சூட்டுக்கு முன்னால் குழலில் இருக்கும் எண்ணெயைத் துடைத்து, வெறும் கேப்பை மாட்டி, வாயைப் புல்லுக்கு நேரே காட்டி அடிப்பேன். புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. பொட்டு வெடி வாசனை அந்த நேரத்தில் எங்கோ கொண்டுபோய்விடும். மருந்தை, அதை நிரப்பி வைத்திருக்கும் கொம்பிலிருந்து அளவுக்குழாயில், அதிலிருந்து குழலில். கொம்பை நேராகக் குழல்மேல் கவிழ்க்கவே கூடாது, உள்ளே ஒரு தீப்பொறி மிச்சமிருந்தால் கொம்பு முழுவதும் கையில் வெடிக்கும். பிறகு துணி, அதன்மேல் குண்டு, வார்ப்புத் தழும்பு மேலே பார்த்தபடி. குமிழ்ப்பிடி வைத்த குட்டைக் கோலால் ஒரு தட்டு, மீதியை நீளக்கோலால். கோலை வாய்க்கு ஒரு சாண் உயரத்துக்கு மேல் பிடிப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, பிடியை ஏற்றி ஏற்றித் தள்ளுவது. என் உள்ளங்கைத் தழும்பு இதற்குச் சாட்சி. கோடு வாயோடு ஒட்டியதும் நிறுத்தவேண்டும், மேலும் இடிக்கவேண்டாம். கேப் கடைசியில், சுடும் இடத்தில் நின்று.

இவ்வளவு ஒழுங்கு பேசுகிறவன்தான் ஒருநாள் அரட்டையில் மருந்தே போடாமல் குண்டை இறக்கினேன். இதற்கு இங்கே 'உலர் குண்டு' என்று பெயர், எல்லோருக்கும் ஒருநாள் நடக்கும், எல்லோரும் சிரிப்பார்கள். திருகு போட்டு இழுக்கலாம் என்றால் இந்தப் பொடிக்குண்டில் திருகு இறங்கினாலே ஈயம் பிதுங்கி இன்னும் இறுகிவிடும். கேப்பை மாட்டும் சின்ன முனையான நிப்பிளைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் சிட்டிகை மருந்தை ஊசியால் உள்ளே தள்ளி, நிப்பிளை மாட்டி, குண்டு அடியில்தான் இருக்கிறதா என்று கோலால் மறுபடி சரிபார்த்து, மண்மேட்டைப் பார்த்துச் சுட்டேன். 'புஸ்' என்று இருமிவிட்டு வெளியே வந்து விழுந்தது.

குளிரில் விறைத்த விரலால் கொண்டைக்கடலைக் குண்டைப் பிடிப்பது இன்னொரு தொல்லை. புல்லில் விழுந்தால் தேடவேண்டாம், போனது போனதுதான். மேப்பிள் பலகைத் துண்டில் 11/32 அங்குலத் துளைகள் பத்து போட்டு, எண்ணெய்த் துணியோடு குண்டுகளை வீட்டிலேயே அழுத்தி வைத்து, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன். பலகையை வாயின்மேல் வைத்துக் குட்டைக்கோலால் தட்டினால் துணியும் குண்டும் சேர்ந்தே இறங்கும். என் மகள் அதைப் பார்த்துப் பல்லாங்குழியா என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சோப்பு கலந்த வெந்நீரில் கழுவியாகவேண்டும், நாளைக்கு என்று வைத்தால் மறுநாள் துரு. அழுகின முட்டை நாற்றம் வரும் என்பதால் இதற்குக் கொல்லைப்புறம்தான் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது.

போன மாதம் மைதானத்தில் இருபது குண்டு போட்டேன். இருபதும் இரண்டு விரல் அழுத்தத்தில் இறங்கின. கடைசிப் பத்து, 25 கஜத்தில் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குள். பெரியவர் வழக்கம்போல இலக்கைப் பார்க்கவில்லை, புல்லுக்குப் போய் என் துணியில் ஒன்றை எடுத்து வந்தார். ஓரம் முழுசாக இருந்தது, நடுவில் மெல்லிய பழுப்பு, பள்ளங்களின் அச்சு நட்சத்திரம் போல. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தன் 32-இல் மருந்தைப் போட்டு, அந்தத் துணியை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக் குழல்வாயில் விரித்து, குண்டை வைத்து இறக்கி, கேப் மாட்டிச் சுட்டார். அவருடைய இலக்கின் கறுப்பு வட்டத்தில் ஓட்டை விழுந்தது. நான் அந்தத் துணியைத் தேடிப் போனேன். இந்த முறை இரண்டாகக் கிழிந்திருந்தது.